மெத்தை போட்டுப் பழகிய டாக்கிள்

மெத்தைமேல் விழுந்து பழகியவனுக்குத் தரையில் விழுந்தாலும் அடிபடாது என்று நான் மனதார நம்பினேன். ஏதோ சின்ன வயதில் நம்பியது என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கால்பந்து அணிக்குப் பயிற்சியாளன் என்ற பெயரையும் வைத்துக்கொண்டு நம்பினேன்.

என் தொழில் அப்படி. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் மெத்தை தைத்து விற்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி, கொட்டை எடுத்து, அடித்து, உறையில் திணித்து, முழநீள ஊசியால் தைத்துக் கொடுப்பது. ஊருக்கெல்லாம் நான் மெத்தை பாய். இருபத்தைந்து வருஷம் பஞ்சுக்குள் தும்மிக்கொண்டே இருப்பவனுக்கு ஒரு தத்துவம் வந்துவிடும்: எந்தக் கஷ்டமாக இருந்தாலும் அடியில் நாலு அங்குலம் பஞ்சு போட்டால் சரியாகிவிடும்.

கால்பந்து இன்னொரு கிறுக்கு. இளமையில் மாவட்ட அணியில் இருந்தேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். இருந்தது சத்தியம். கோட்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். ஆடினாயா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தத் தகுதியில்தான், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், செல்போன் ரிப்பேர் செய்கிறவர், தையல்காரர் என்று கிடைத்தவர்களைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை அணி ஒன்றை நடத்திவந்தேன். கோடையில் காய்ந்துவிடும் ஏரிதான் எங்கள் மைதானம்.

போன வருஷம் சித்திரையில் மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர்கள் எங்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து வாரம் இருந்தது. மலையில் ஏறி இறங்கி வளர்ந்த கால்கள் அவர்களுடையவை. அந்த அணியின் முன்கள ஆட்டக்காரர் எனக்குப் பஞ்சு கொடுக்கிறவர்தான். இலவமரத்தில் ஏறிக் காய் உலுக்குகிற மனிதர். அவர் தொடை என் இடுப்பளவு. பந்தோடு அவர் வரும்போது நடுவில் நின்று தடுக்க ஒரு ஸ்டாப்பர் வேண்டும். எங்களிடம் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் என் மனைவியின் தம்பி.

சிக்கலே அதுதான்.

மைத்துனன் மினி லாரி ஓட்டுகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைப்பாதை வளைவில் வண்டி சாய்ந்து அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்தது. பிளேட் வைத்தார்கள், பிறகு எடுத்தார்கள். டாக்டர் ஓடலாம், ஆடலாம் என்று சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அதை என் மனைவி மறக்கவில்லை, என்னையும் மறக்கவிடவில்லை.

"இத பாருங்க. அவன் ஆசப்படறான், ஆடட்டும். ஆனா அதே எடத்துல இன்னொரு வாட்டி ஒடிஞ்சா அப்பால கால் நேராவாதுன்னு டாக்டரு சொன்னாரு. கிளட்ச் மிதிக்கிற காலு அது. பழகறப்ப ஒருத்தனும் அவன் கால் மேல கால் வெக்கக் கூடாது."

"படாம பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கினீங்க. எங்க அம்மா கட்டில்ல இருந்து வுழுந்தாங்களே, அப்பவும் நீங்கதான் பாத்துக்கினு இருந்தீங்க."

"மெத்தையோடதான வுழுந்தாங்க. ஒரு சிராய்ப்பு உண்டா?"

கேட்டுவிட்டு நானே அசந்து நின்றேன். எவ்வளவு பெரிய உண்மை. மாமியார் எனக்கு வழி காட்டிவிட்டார்.

மறுநாள் காலை தையல் கோணலாகிப்போன ஆறு மெத்தைகளையும் இரண்டு திண்டுகளையும் மைத்துனன் வண்டியிலேயே ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனேன். திண்டை நிமிர்த்தி மூங்கிலில் கட்டி, ஒரு பழைய ஜெர்சி மாட்டினேன். அதுதான் எதிரி. அதன் காலடியில் பந்து. சுற்றிலும் மெத்தை. ஓடிவந்து பந்தைத் தட்டி மெத்தையில் விழ வேண்டும். ஆளோடு ஆள் பழகும்போது ஒரு சட்டம்: பந்துக்கு ஒரு சாண் முன்னால் காலை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் பந்தைப் பறித்ததாக, அதாவது டாக்கிள் ஆனதாகக் கணக்கு.

"யாரு கணக்கு?" என்றார் கோல்கீப்பர். அவர்தான் அரிசி ஆலைக்காரர். எனக்கு இரண்டு வயது இளையவர், எனக்கு இரண்டு மடங்கு அகலம்.

"என் கணக்கு."

"சட்டிய அடுப்புல வெக்காம மீனு வறுக்கற மாதிரி இருக்குது பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சட்டத்தை மாற்றவில்லை.

முதல் பத்து நாள் பிரமாதமாகப் போனது. யாருக்கும் காயமில்லை. தையல்காரர் அந்தரத்தில் பல்டி அடித்து விழக் கற்றுக்கொண்டார். செல்போன்காரர் விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு எழுந்து வருவார். ஒரு வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். பந்து மெத்தைப் பக்கம் வந்தால் மட்டும் நம் ஆட்கள் டாக்கிளுக்குப் போகிறார்கள். வெறுந்தரைப் பக்கம் போனால் மரியாதையாக வழிவிடுகிறார்கள். மைத்துனன் இன்னும் ஒரு படி மேலே. எதிராளியை நைச்சியமாக மெத்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்து, அங்கே வந்த பிறகுதான் காலை நீட்டினான். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் சாயங்காலம் மேற்கே மலைப் பக்கம் கறுத்தது. இலவம்பஞ்சு நனைந்தால் தீர்ந்தது. கட்டி தட்டி, பூஞ்சை பிடித்து, நாய்கூடப் படுக்காது. மெத்தைகளை வண்டியில் ஏற்றலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு விழ ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து கோல்கீப்பர் பந்தோடு முன்னேறி வர, மைத்துனன் இடது காலை நீட்டி அவரைத் தடுக்கப் பாய்ந்தான்.

நான் கத்தினேன். "மச்சான், மெத்த நனையுதுடா, வுட்டுடு."

மைத்துனன் நல்ல பிள்ளை. சொன்ன சொல் கேட்பவன். பாதிப் பாய்ச்சலில் காலைத் தளர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பந்துக்கு ஒரு சாண் முன்னால், துவண்ட கொடி மாதிரி அந்தக் கால் நின்றது. நூறு கிலோ கோல்கீப்பர் அதன்மேல் வந்து விழுந்தார்.

அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. காய்ந்த இலவங்காயை மிதித்தால் வருமே, அதுபோல.

ஓடினேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் என் தலையில் ஒரு மெத்தை இருந்தது தெரிந்தது. எப்போது தூக்கினேன், எதற்குத் தூக்கினேன், இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கீழே போட்டுவிட்டு அவன் காலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன்.

"இங்க வலிக்குதாடா?"

"இல்ல மாமா."

"இங்க?"

"இல்ல."

"அப்ப எங்கதான் வலிக்குது?"

"நீங்க புடிச்சிக்கினு இருக்கறது வலது காலு மாமா."

கோல்கீப்பர்தான் என்னை விலக்கிவிட்டு இடது கால் பேன்ட்டைச் சுருட்டினார். பழைய தழும்புக்கு இரண்டு விரல் கீழே சிவந்து தடித்திருந்தது. அவர் மெதுவாகத் தடவி, கணுக்காலை அசைக்கச் சொன்னார். அசைந்தது. நிற்கச் சொன்னார். நின்றான். சத்தம் போட்டது அடியில் கிடந்த காய்ந்த கருவேலக் குச்சி.

மழை வலுத்தது. மற்றவர்கள் மரத்தடிக்கு ஓட, மைத்துனன், கோல்கீப்பர், நான் மூவரும் வண்டியின் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்தோம். மெத்தைகள் வெளியே நனைந்துகொண்டிருந்தன. யாரும் எடுக்கப் போகவில்லை. நானும் போகவில்லை.

"மச்சான், நீ இந்த ஆட்டத்துக்கு வாணாம்," என்றேன்.

"மாட்டேன் மாமா."

"அக்கா என்னக் கொன்னுடுவா."

"கொல்லட்டும். ரெண்டு வருஷமா எவன் வந்தாலும் என் கால பாத்துதான் பேசறான். மூஞ்சிய பாத்து பேசறவன் ஒருத்தன் இல்ல. நான் ஆடறேன்."

கோல்கீப்பர் தலையில் கட்டியிருந்த துண்டைப் பிழிந்தார்.

"பாய், நான் தப்பா சொன்னா மன்னிச்சிக்குங்க. இருவது வருஷமா மூட்ட தூக்கறேன். எவனுக்கு இடுப்பு புடிக்கும் தெரியுமா? கனத்துக்கு பயந்துக்கினு பாதி பலத்துல தூக்கறான் பாருங்க, அவனுக்குதான். முழுசா குனிஞ்சி முழுசா தூக்கினா ஒண்ணும் ஆவாது. இன்னிக்கு இவன் கால் முழுசா வந்திருந்தா பந்துல பட்டிருக்கும், நான் நின்னிருப்பேன். நீங்க ஒரு சாண் முன்னாடி நிறுத்த சொல்லிக் குடுத்தீங்க. அந்த ஒரு சாணுலதான் நான் வுழுந்தேன்."

மழை நின்றதும் ஊறிப்போன மெத்தைகளை ஏரியிலேயே விட்டுவிட்டு வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இனி மோதிப் பழகுவது என்று முடிவானது. மனைவியிடம் சொல்ல வேண்டும். கடையில் ஒரு திண்டை எதிரே உட்காரவைத்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். திண்டு மூன்றுக்கும் ஒத்துக்கொண்டது. உள்ளே போனால் அவள் மெத்தை உறைக்கு ஓரம் தைத்துக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"தலையில மெத்தையோட ஓடினீங்களாமே."

செல்போன்காரர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். எனக்கு மட்டும்தான் அது வந்து சேரவில்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். மெத்தையால் பயனில்லை, பாதியில் நிற்கும் கால்தான் ஆபத்து, மோதிப் பழகினால்தான் காலைக் கெட்டியாக வைக்க வரும் என்று. தையல் மிஷின் நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மொதல்ல யாரு மேல மோதுவான்?"

"என் மேலதான்."

"நீங்க அவன் கால் மேல வுழ மாட்டீங்களே?"

"நான்தான் வுழுவேன். அவன் நிப்பான்."

நூலைக் கடித்து அறுத்தாள். "அவன் கால் போச்சுன்னா அவன் வூட்ல அடுப்பு எரியாது. அத மட்டும் நெனப்புல வெச்சிக்கினு பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதித்தாள்.

மறுநாள் மெத்தை இல்லை. இரண்டு முழங்காலுக்குக் கீழும் அட்டைக் காப்பு கட்டிக்கொண்டு மைத்துனன் நின்றான். ஐந்தடி தள்ளி நான். நடுவில் பந்து. முதலில் நடந்து வரவேண்டும், ஓடக்கூடாது. ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், முட்டி மடங்கி, கணுக்கால் இறுகி, உடம்பின் கனம் முழுவதும் பந்தின்மேல். பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் நடுவில் அடிக்க வேண்டும். இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில் காதில் விழுந்தவை. அன்றைக்குத்தான் முதல் முறையாக என் காலுக்கு வந்தன.

நடந்து வந்தான். பந்துக்கு ஒரு சாண் முன்னால் கால் தானாக நின்றது.

"சட்டம் போட்டது நான்தான். எடுத்துட்டேன். வா."

மறுபடி நின்றது. ஆறு முறை வந்தான், ஆறு முறையும் நின்றது. ஏழாவதில் அவன் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. அவனுக்கும் பயம்தான். அதுவரை பயம் முழுவதையும் நானே குத்தகைக்கு எடுத்திருந்ததால் அவனுக்கு மிச்சமிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வாசல்லியே நிக்கற. உள்ள வா."

"வுழுந்துடுவீங்க மாமா."

"நான் வுழறத பாக்கறதுக்கு அத்தினி பேரும் போன புடிச்சிக்கினு நிக்கறானுங்க. ஏமாத்தாத."

எட்டாவது முறை வந்தான். பந்தின் இரண்டு பக்கமும் இரண்டு கால் ஒரே நேரத்தில் பட்டன. அதிர்ச்சி என் பாதத்திலிருந்து பல்வரைக்கும் ஏறியது. நான் ஏரி மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அவன் நின்றிருந்தான். தன் காலைக் குனிந்து பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"வலிக்குதா?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

அதற்கப்புறம் இரண்டு வாரம். நடையிலிருந்து மெதுவோட்டம், மெதுவோட்டத்திலிருந்து முழு வேகம், என்னிலிருந்து செல்போன்காரர், கடைசியில் கோல்கீப்பர். ஒவ்வொரு மோதலுக்கும் நான் அவசரமாக எதையாவது பார்க்கத் திரும்பிக்கொள்வேன். ஏரிக்கரையில் எத்தனை பனைமரம் என்று அந்த இரண்டு வாரத்தில் எனக்கு மனப்பாடம். ராத்திரி மனைவி தம்பியை வீட்டுக்கு வரவழைத்து, விளக்கு வெளிச்சத்தில் தழும்பைச் சுற்றி விரலால் அழுத்திப் பார்ப்பாள். நான் பக்கத்து அறையில் காதை நீட்டிக்கொண்டு நிற்பேன். "சரி, போ" என்று அவள் சொன்ன பிறகுதான் சோறு இறங்கும்.

ஆட்டத்தன்று அவளும் மலைக்கு வந்தாள். கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. கரியாலூரில் எங்கள் ஊர் வெயில் இல்லை. மைதான ஓரத்தில் பலாமரங்கள், பாதி மலை ஜனம் கூடியிருந்தது. பஞ்சுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பாய், மெத்த எடுத்துக்கினு வரலியா? படத்துல பாத்தமே."

அந்தப் படம் மலைவரைக்கும் போயிருக்கிறது.

"உங்களுக்குத்தான் தேவப்படும்னு வண்டியில வெச்சிருக்கேன்," என்றேன். குரல் கொஞ்சம் கிறீச்சிட்டது. அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தட்டிய இடம் வலித்தது. இந்த மனிதர்தான் முழு வேகத்தில் அந்தக் காலுக்கு எதிராக வரப்போகிறார் என்று நினைத்ததும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகத் திறந்தேன்.

கோல்கீப்பர் ஆட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாய், நீங்க வாயத் தொறக்கக் கூடாது. உங்க கொரல் கேட்டா இவன் திரும்பிப் பாப்பான்." தோளில் கிடந்த துண்டை எடுத்து நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

முதல் பாதியில் பஞ்சுக்காரர் நாலு முறை வந்தார். நாலு முறையும் மைத்துனன் தோளோடு தோள் சேர்த்து ஓரத்துக்கு ஒதுக்கினான். இரண்டு பக்கமும் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இரண்டு வருஷம் ஓடாத உடம்பு. களைத்த கால் தளரும், தளர்ந்த கால்தான் ஒடியும் என்பதை இதற்குள் நான் நன்றாகப் படித்திருந்தேன். அவனை வெளியே எடுக்கலாமா என்று கையைத் தூக்கினேன். அவன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். தூக்கிய கையால் காதைச் சொறிந்துகொண்டேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும். பந்து நடுவில் தனியாக உருண்டு வந்தது. அந்தப் பக்கமிருந்து பஞ்சுக்காரர், இந்தப் பக்கமிருந்து மைத்துனன். இருவருக்கும் சமதூரம். மனைவி முக்காட்டு நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவளுடைய இன்னொரு கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, நகம் இறங்கியது. நின்றுவிடு என்று கத்தத் தொண்டை வரை வந்தது. துண்டைக் கடித்தேன். பனைமரம் எண்ண அங்கே பனைமரமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

தோல் வெடித்தது போல ஒரு சத்தம். அதன்பிறகு இரண்டு உடம்பு தரையில் விழும் சத்தம்.

"கண்ணத் தொறங்க," என்றாள் மனைவி.

நடந்தது இதுதான். இரண்டு பேர் காலும் ஒரே நேரத்தில் பந்தில் பட்டன. இரண்டு பேரும் விழுந்தார்கள். மைத்துனன் முதலில் எழுந்து, பஞ்சுக்காரருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பந்து அவன் காலில் பட்டு வெளியே போனதால் த்ரோ அவர்களுக்கு. அந்த த்ரோவிலிருந்து அவர்கள் கோல் போட்டார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். மறுநாள் மனைவி சொன்னபடி மைத்துனன் காலை எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒன்றுமில்லை. கணுக்காலுக்கு மேலே வீக்கம் இருந்தது, எட்டு நாளில் வடிந்தது.